மோவாபில் ஒரு வாரம்: வாடகைக்கு ரூபிகானா, சாதா ரேங்லரா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாபைச் சுற்றியுள்ள செம்பாறைத் தடங்களில் ஒரு வாரம் ஓட்டப் போகிறவர்கள் வாடகைக் கடையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ரூபிகான் என்பது ஜீப் ரேங்லரில் கரடுமுரடான தடங்களுக்கென்றே வரும் ரகம், அதற்கு நாள் வாடகை கூடுதல். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் மண்சாலையைச் சுற்றிவிட்டு, ஜெமினி பிரிட்ஜஸ், ஹர்ரா பாஸ் மாதிரி எளிய தடங்களோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பணம் வீண். ஹெல்ஸ் ரிவெஞ்ச், எலிஃபன்ட் ஹில் என்ற கடினமான பாறைத் தடங்கள் இரண்டில் ஒன்றாவது திட்டத்தில் இருந்தால் யோசிக்காமல் ரூபிகானை எடுங்கள்.

முக்கியமான வித்தியாசம் எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவிசையோடு சுழலும் நிலைதான் ஃபோர்-லோ. அதன் விகிதம் சாதா ரேங்லரில் 2.72, ரூபிகானில் 4. எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கின் முதல் கியரும் 4.10 ஆக்சிலும் சேர்ந்தால் ரூபிகானில் எஞ்சினின் சுழற்சி மொத்தம் 77 மடங்கு குறைந்து சக்கரத்துக்குப் போகும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். பாறைப் படியில் டயரை மெல்லப் பதித்து ஏறுவதற்கு வேண்டியது இந்த வேகம்தான்.

ஒயிட் ரிம்முக்கு இறங்கும் ஷேஃபர் தடத்தின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு 2.72 தாராளம். ஃபோர்-லோவில் கியரை மேனுவலாக ஒன்றிலோ இரண்டிலோ வைத்து இறங்கினால் வண்டியை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அமுக்கியபடியே இறங்கினால் அது சூடேறி, பாதி வழியிலேயே பிடிப்பு குறையத் தொடங்கும். ஃபோர்-லோவுக்கு மாற, வண்டி 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு, லீவரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். முழுக்க நின்ற நிலையில் உள்ளே பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் லீவர் பாதியில் நின்றுவிடுவது உண்டு.

ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் ரூபிகானின் டிஃப் லாக்கைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். மோவாபில் அதைவிட அதிகம் உதவுவது வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பியான முன்பக்க ஸ்வே பாரைக் கழற்றிவிடும் பொத்தான். ஹெல்ஸ் ரிவெஞ்சின் மணற்கல் முதுகுகளில் காய்ந்த பாறை டயரை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். செங்குத்தாகத் தெரிகிற ஏற்றத்தில்கூட லாக் இல்லாமலே ஏறிவிடலாம். சிக்கல் வருவது படிகளில், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது. ஸ்வே பார் கழன்றிருந்தால் அந்தச் சக்கரம் பெரும்பாலும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும், லாக்குக்கு வேலையே வராது. வேகம் மணிக்கு 18 மைலைத் தாண்டினால் ஸ்வே பார் தானாக மாட்டிக்கொள்ளும். மேடுபள்ளத்தில் நின்றுகொண்டு மாட்ட முயன்றால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். சமதரைக்கு வந்து கொஞ்சம் உருட்டினால் சரியாகிவிடும்.

லாக் போடுவதாக இருந்தால் படிக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது முதலில் பின்பக்கம் மட்டும் போடுங்கள். முன்பக்கமும் போட்டால் ஸ்டீயரிங் கனத்துவிடும், வளைவில் திருப்ப முடியாது.

எந்த மாடலானாலும் வாரத்தின் வெற்றி தோல்வி டயரில்தான். தார்ச்சாலைக் காற்று 37 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். அதே காற்றோடு தடத்தில் இறங்கினால் உடம்பு நோகும், கூர்க்கற்கள் ரப்பரைக் கிழிக்கும். சரளைத் தடத்துக்கு 25, மணலுக்கும் பாறைக்கும் 18 முதல் 20 போதும். 15-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் விளிம்பு கழன்றுவிடும் அபாயம் உண்டு. அதிகாலைக் குளிரில் அளவெடுங்கள். வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். நண்பகலில் சூடான டயரைப் பார்த்து 18-க்கு இறக்கினால், மறுநாள் காலை அது நினைத்ததைவிடக் கீழே நிற்கும்.

காற்றை இறக்குவது எளிது, ஏற்றுவதுதான் வேலை. லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் 33 அங்குல டயரோடு திணறும், ஃப்யூஸும் போகும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று, வீல் லாக் சாவி, ஜாக், அதன் அடியில் வைக்க ஓர் அடிச் சதுர மரப்பலகை நான்கையும் கண்ணால் பாருங்கள். பலகை இல்லாவிட்டால் மணலில் வண்டி எழாது, ஜாக்தான் புதையும். மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போது பட்டையை டோ ஹூக்கில் மட்டுமே மாட்ட வேண்டும். டிரெய்லரை இணைக்கும் உலோகப் பந்தில் மாட்டி, அது உடைந்து பறந்தால் ஆளையே கொல்லும்.

நான்கு கதவா, இரண்டு கதவா? நான்கு கதவின் வீல்பேஸ் 118.4 அங்குலம், இரண்டு கதவில் 96.8. நீண்ட வண்டி பாறை முகடுகளில் அடிவயிற்றை உரசும். எலிஃபன்ட் ஹில்லில் ரிவர்ஸ் எடுத்தே கடக்க வேண்டிய அளவுக்கு இறுக்கமான வளைவு இருக்கிறது, அங்கே குட்டை வண்டி சுகம். ஆனால் ஒயிட் ரிம்முக்கு நான்கு கதவுதான். தண்ணீர், கூடாரம், உணவுப் பெட்டி வைக்க இடம் வேண்டும். டேங்கும் அதில் 21.5 கேலன், இரண்டு கதவில் 17.5. ஏறக்குறைய 100 மைல் சுற்றோடு மோவாபிலிருந்து போய்வரும் தூரத்தையும் சேர்த்து, கேலனுக்கு 10 மைல் என்று கணக்குப் போட்டால் சின்ன டேங்கில் மிச்சம் எதுவும் நிற்காது. வழியில் பெட்ரோலும் கிடையாது, குடிநீரும் கிடையாது. ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் என்பது குறைந்தபட்சம்.

ஒயிட் ரிம்மில் பகல் பயணத்துக்கே பெர்மிட் தேவை. மோட்டார் வாகனங்களுக்கு ஒரு நாளைக்கு 50 மட்டும். இரவு தங்க முகாம் இடத்தைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். அது கிடைத்த தேதியை வைத்துத்தான் வண்டியைப் பதிய வேண்டும், முதலில் வண்டியைப் பதிந்துவிட்டுப் பெர்மிட் தேடக் கூடாது. மழை பெய்தால் சில களிமண் இடங்களில் ஃபோர்-லோவும் லாக்கும் எதற்கும் உதவாது. காய்கிறவரை காத்திருப்பதே வழி, அதற்காக ஒரு நாள் உணவும் நீரும் உபரியாக இருக்கட்டும். அங்கிருந்து கட்டி இழுத்து வர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள். விமான நிலைய வாடகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் மண் சாலையே தடை. மோவாப் கடைகளிலும் தடை செய்த தடங்களின் பட்டியல் இருக்கும். ஹெல்ஸ் ரிவெஞ்சுக்கு அனுமதி தந்துவிட்டு, அதிலுள்ள ஹாட் டப்ஸ், எஸ்கலேட்டர் ஆகிய கடினமான பாறைப் பகுதிகளை மட்டும் விலக்கியிருக்கலாம். டயருக்கும் அடிப்பாகத்துக்கும் காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. வாரம் முழுக்க ஒரே வண்டி எடுக்க வேண்டியதில்லை. முதல் நான்கைந்து நாள் சாதா நான்கு கதவு ரேங்லரில் எளிய தடங்களையும் ஒயிட் ரிம்மையும் முடியுங்கள். ஊருக்குத் திரும்பி அதைக் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு நாளுக்கு இரண்டு கதவு ரூபிகானை எடுத்து ஒரு நாள் எலிஃபன்ட் ஹில் இருக்கும் நீடில்ஸ், ஒரு நாள் ஹெல்ஸ் ரிவெஞ்ச் இருக்கும் சேண்ட் ஃபிளாட்ஸ் போகலாம். அந்த இரண்டு நாளும் சாமானை அறையிலேயே விட்டுவிடலாம் என்பதால் குட்டை வண்டியில் இடமில்லை என்ற குறையும் இராது.