யின்-யாங் சாப்பாடு: சீன அடுப்படியா, மேக்ரோபயாடிக்கா?

யின்-யாங், அதாவது எதிரெதிரான இரு தன்மைகளின் சமநிலை, பார்த்துச் சாப்பிடலாம் என்று கிளம்பினால் எதிரே இரண்டு வழிகள். ஒன்று, சீன வீடுகளில் இன்றும் புழங்கும் சூடு-குளிர்ச்சிக் கணக்கு; சூடு யாங், குளிர்ச்சி யின். இன்னொன்று, ஜப்பானின் ஜார்ஜ் ஒசாவா (1893–1966) வகுத்து, மிச்சியோ குஷி அமெரிக்காவில் வேரூன்றச் செய்த மேக்ரோபயாடிக் உணவுமுறை. பெயர் பொதுவானது, அட்டவணையோ பல இடங்களில் நேர்மாறு. இஞ்சியும் மிளகாயும் சீனருக்குச் சூடு, அதாவது யாங். ஒசாவாவுக்கு விரிவது யின், சுருங்குவது யாங் என்பதால் காரச் சரக்கெல்லாம் யின் பக்கம் போய்விடும். நண்டு சீனருக்குக் கடுங்குளிர்ச்சி. மேக்ரோபயாடிக்கில் மாமிசம், ஆகவே யாங். உப்பும் அப்படித்தான், அங்கே யின், இங்கே யாங். ஒன்றின் பட்டியலை வைத்துக்கொண்டு மற்றதன் சமையலைச் செய்தால் கணக்கு உதைக்கும்.

பருவத்துக்கேற்ற காய், அளவான சாப்பாடு, பொரித்ததைக் குறைப்பது: இவற்றில் இரண்டுக்கும் தகராறு இல்லை. என் சாய்வு சீன முறைக்கே. காரணம் ஒன்றுதான்: ஓரத்துக்குச் சாய்ந்த பொருளை அது தட்டிலிருந்து விரட்டுவதில்லை, சட்டியிலேயே சரிசெய்கிறது.

இலையுதிர் காலத்தில் சூஜோ பக்கம் கிடைக்கும் முடி நண்டையே பாருங்கள். உயிரோடு இருப்பதை நூலால் கட்டி, சினை வழிந்துவிடாதபடி வயிறு மேலே இருக்குமாறு வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். 200 கிராம் நண்டுக்கு 15 முதல் 20 நிமிடம். தொட்டுக்கொள்ள, ஜென்ஜியாங் கறுப்பு வினிகர் மூன்று மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. பக்கத்தில் சுடவைத்த ஷாவ்ஷிங் அரிசி மது. ஓட்டைத் திறந்ததும் செவுளையும் இரைப்பையையும் எடுத்துவிட்டு, நடுவில் அறுகோணமாக இருக்கும் வெள்ளைத் துண்டையும் தேடி எடுப்பார்கள்; நண்டிலேயே அதிகக் குளிர்ச்சி அதுதான் என்பது நம்பிக்கை. முடிந்ததும் பழுப்புச் சர்க்கரை போட்ட இஞ்சித் தண்ணீர். செத்த நண்டை மட்டும் எந்த இஞ்சியும் காப்பாற்றாது. அதில் கிருமி வேகமாகப் பெருகிவிடும்.

குளிர்காலத்தில் இதன் மறுபக்கம். ஆட்டுக்கறி, இஞ்சி, டாங்குய் என்ற சீன மூலிகை வேர் சேர்த்த சூப், சீனாவின் ஹான் வம்சக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்தது. மூல அளவில் 16 பங்கு கறிக்கு 5 பங்கு இஞ்சி, 3 பங்கு வேர். இன்றைய வீட்டுச் சமையலுக்கு அது மிகக் காட்டம். அரைக் கிலோ கறிக்கு 30 கிராம் இஞ்சி, 10 கிராம் வேர் போதும். கறியைக் கொதிநீரில் ஒருமுறை போட்டெடுத்து நுரையை நீக்கி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். வேர் கூடினால் சூப் கசக்கும். இஞ்சி இல்லையென்று அதே எடை சுக்கைப் போடக் கூடாது, அது இன்னும் சூடு. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாங்குய் பக்கமே போக வேண்டாம். கோடையில் இந்தச் சூப்பை மூட்டைகட்டிவிட்டு, பாசிப்பயற்றுக் கஞ்சிக்கும் வெண்பூசணிக்கும் மாறிவிடுவார்கள்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. டுரியான் சூடு, கூடவே மங்குஸ்தான் தின்னு என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

மேக்ரோபயாடிக் திருத்துவது விலக்கி. சர்க்கரை, பால், வெப்பமண்டலப் பழங்கள், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாம் மிகையான யின் என்று வெளியே போகும். குளிர்தேசத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஊர்ச் சந்தையில் பாதி காலி. ஒசாவாவின் படிநிலைகளில் உச்சமான ‘எண் 7’ முழுக்கத் தானியம் மட்டுமே. 1960-களில் அமெரிக்காவில் அதைப் பிடிவாதமாகப் பின்பற்றியவர்களுக்கு ஸ்கர்வி (வைட்டமின் சி குறைபாட்டு நோய்) வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 1971-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உணவுக் குழு எச்சரித்தது. 1980-களில் நெதர்லாந்தில் இம்முறையில் வளர்ந்த கைக்குழந்தைகளிடம் வைட்டமின் பி12, டி குறைபாடும் வளர்ச்சித் தேக்கமும் தெரிந்தன. குஷியின் பிற்கால அளவு (முழுத் தானியம் 50–60%, காய் 25–30%, பயறும் கடற்பாசியும் 5–10%) எவ்வளவோ தேவலை. ஆனாலும் பி12-க்கு மாத்திரை வேண்டும். கடற்பாசியை நம்ப முடியாது.

சீன அட்டவணையும் வேதவாக்கு அல்ல. ஒரே பொருளை ஓர் ஊர் நடுநிலை என்னும், அடுத்த ஊர் குளிர்ச்சி என்னும். எந்தக் கருவியும் அளந்து சொன்னதல்ல. சமையலுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், வைத்தியத்துக்கு மாற்றாக அல்ல.

மேக்ரோபயாடிக்கிலிருந்து கடன் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பட்டை தீட்டாத குட்டையரிசிச் சோறு: இரவே ஊறவைத்து, ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, குக்கரில் அழுத்தம் ஏறியபின் மிகச் சிறு தீயில் 45 நிமிடம். தீ கூடினால் அடிபிடிக்கும். இன்னொன்று கோமாசியோ என்ற எள்ளுப்புப் பொடி: 16 பங்கு எள்ளுக்கு ஒரு பங்கு உப்பு. எள் இரு விரலுக்கிடையில் எளிதாக நொறுங்கும்வரை வறுத்து, எண்ணெய் விடாமல் கரகரப்பாகப் பொடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும், கொஞ்சமாகவே செய்யுங்கள்.