லைன் பீச் அத்தோ வண்டி அக்கா

சென்னை பாரிமுனையில் கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. சாயங்காலம் பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், செகண்ட் லைன் பீச் தெருவில் நிற்கும் இந்த அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டியில்தான் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன். பெயர்ப் பலகை கிடையாது. 1960களில் பர்மாவில் இருந்து திரும்பிய குடும்பம். இப்போது அந்த வீட்டு அக்கா நடத்துகிறார்.

அத்தோ 70 ரூபாய். நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோவை, அதாவது எண்ணெயில் பொரித்த மொறுமொறு தட்டையை, நொறுக்கிப் போடுவார். பூண்டெண்ணெய் ஊற்றுவதில் கஞ்சத்தனம் கிடையாது. வாழைத்தண்டு சூப் கேட்கக் கேட்க ஊற்றுவார். முட்டை மசாலாவில் மட்டும் உப்பு தூக்கல், பல முறை சொல்லிவிட்டேன்.

நான் இதை எழுத உட்கார்ந்தது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததற்காக. பைக் உரசிவிட்டது என்று இரண்டு பேர் ஒரு காலேஜ் பையனைக் கீழே தள்ளி ஹெல்மெட்டால் அடித்தார்கள். முப்பது நாற்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் வீடியோ எடுத்தார்கள். நான் தட்டோடு நின்றேன். யாராவது போவார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவர்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

அக்கா முதலில் அடுப்பை அணைத்தார். சூப் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது, யாராவது மேலே வந்து விழுந்தால் என்ன ஆவது? அப்புறம் பொதுவாகக் கத்தவில்லை, ஒவ்வொரு ஆளாகக் கை காட்டினார்.

"ஏ ப்ளூ சட்டை, வீடியோ அப்புறம் எடு, 112 போடு! அண்ணே, நீங்க ரெண்டு பேரும் எங்கூட வாங்க. ஏம்மா, நீ தண்ணி எடு!"

அந்த 'ஏம்மா' நான்தான். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது. ஆறேழு பேர் சேர்ந்து போய்ப் பையனுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. அடித்தவர்கள் பின்வாங்கியதும் அதுவரை வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு வீரம் வந்துவிட்டது. பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்று கிளம்பினார்கள். அதையும் அக்காதான் தடுத்தார். "போலீஸ் வரட்டும், ஒருத்தரும் கை வைக்காதீங்க." பையனுக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்திருந்தது. அவனை ஆட்டோவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றபோது, டிவியைப் பார்த்து நானும் திட்டினேன். நடைமேடையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் தடுக்கவில்லையே, உடல் இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்ததே என்று. அதே மாதிரி நானும் ஒருநாள் நிற்பேன் என்று அப்போது தெரியாது. அரிவாள் இருக்கும் இடத்தில் யாரையும் நடுவில் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் போன் போட எல்லோராலும் முடியும்.

மறுநாள் போனபோது அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டியில் விலை எழுதிய இடத்துக்கு மேலே 112, 108 என்று அவசர உதவி எண்களைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்.

ஏழரைக்குள் போங்கள், அதற்கு மேல் சூப் இருக்காது.