ரெக்ஸினா, கேன்வாஸா, ஃபைபரா: கம்பம் பக்கத்துத் திறந்த காருக்கு எந்த டாப்?

பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவனுக்கு எஞ்சின் பெரிய தலைவலி இல்லை. என்னிடம் இருப்பது சான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் வந்த, இரண்டே பேர் உட்காரும் இந்திய வண்டி. உள்ளே ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், வெளியே ஃபைபர் உடம்பு. பெல்ட், பிளக், ஹோஸ் எது போனாலும் நாலு இடத்தில் கேட்டு அலைந்தால் கிடைத்துவிடும்; கிடைக்காவிட்டால் மெக்கானிக் எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடுவார். ஃபைபர் என்பதால் கதவும் பானெட்டும் துருப்பிடிக்கிற பேச்சே இல்லை. ஆனால் தலைக்கு மேலே இருக்கிற டாப் கிழிந்துவிட்டால், கடையில் போய் ரெடிமேடாக வாங்க முடியாது. தைக்கத்தான் வேண்டும். எதில் தைப்பது என்பதுதான் கேள்வி.

மூன்று வழி உண்டு. பிவிசி பூசிய ரெக்ஸின், கார் டாப்புக்கென்றே வருகிற அக்ரிலிக் கேன்வாஸ், துணியே வேண்டாம் என்று ஃபைபரில் ஒரு மூடி. நான் போட்டிருப்பது ரெக்ஸின். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து வானிலையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. வண்டி நிற்பது கம்பத்தில். ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கு முழுக்கக் காற்று பிய்த்து எடுக்கும். அதே நாளில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால், குமுளிக்குள் நுழையும்போது கேரள மழை கொட்டிக்கொண்டிருக்கும். காலையில் கீழே காய்ந்து, மத்தியானம் மேலே நனைந்து, சாயங்காலம் மறுபடி கீழே காய்கிறது டாப். ஐப்பசி வந்தால் கம்பத்திலும் மழை. சித்திரை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். ஒரே மாதிரி மழையோ ஒரே மாதிரி வெயிலோ இருக்கிற ஊர்க்காரர்களுக்கு என் முடிவு அப்படியே பொருந்தாது.

விலை, அழகு, சத்தம் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம். எனக்குச் சொன்ன விலையில் கேன்வாஸ் துணி ரெக்ஸினைவிட இரண்டு மடங்குக்கு மேல். அழகு கேன்வாஸுக்குத்தான், சந்தேகமே வேண்டாம். ஓட்டும்போது காற்றுச் சத்தமும் அதில் குறைவு. வண்டியை விற்கிற எண்ணம் இருந்தால் வாங்க வருகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது டாப்பைத்தான், அங்கேயும் கேன்வாஸுக்கு மதிப்பு. வெயில் தாங்குவதிலும் அது மட்டமில்லை. நல்ல அக்ரிலிக் துணியில் நூலாக இழுக்கும் முன்பே சாயத்தைக் கலந்துவிடுவார்கள், அதனால் சீக்கிரம் வெளுக்காது. ரெக்ஸினில் பிவிசியை வளைய வைக்கிற பிளாஸ்டிசைசர் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். வருடம் ஆக ஆகச் சுருங்கும், விறைக்கும், மடிகிற கோட்டில் வெடிக்கும். இதையெல்லாம் தெரிந்தும் ஏன் ரெக்ஸினுக்குப் போனேன் என்றால், காரணம் தையல்.

கம்பம், போடி, தேவாரம் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறுகிற ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு டாப் தைக்கிறவர் ஒருவரிடம்தான் நானும் போனேன். துணி மாதிரிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எது ஒழுகாது என்று கேட்டேன். “தம்பி, துணி எதுவும் ஒழுகாது. ஊசி போன இடம்தான் ஒழுகும்” என்றார். அன்றைக்கு அதை முழுக்க நம்பவில்லை. பிறகு வீட்டில் பழைய டாப்பைக் கழற்றி, வாளியின் மேல் விரித்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கேன்வாஸின் நடுவில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பக்கவாட்டுத் தையல் ஓரத்தில் மட்டும் அடியில் ஈரம் கோடாகப் படர்ந்து, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பொட்டாகத் தெரிந்தது. என் இடது தோள் நனைந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அந்தக் கோடுதான்.

கேன்வாஸ் மூன்றடுக்குத் துணி. மேலே அக்ரிலிக், நடுவில் ரப்பர், அடியில் மெல்லிய துணி. தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கிற ரப்பர். ஊசி அதைத் துளைத்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் பருத்தி நூலில் தைப்பார்கள். நனைந்தால் நூல் ஊதி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆனால் பருத்தி நூல் மக்கிப்போகும். நம் ஊர்த் தையல்காரர்களிடம் இருப்பது பெரும்பாலும் நைலான் நூல். வெயிலில் அது இற்றுவிடும். மூன்றில் எது என்று கேட்டால் பாலியெஸ்டர் நூல்தான், வெயிலுக்கு அதுவே அதிகம் தாங்கும். ஆனால் அது ஊதாது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். மேலே சீலர் தடவ வேண்டும், உள்ளே டேப் ஒட்ட வேண்டும். காற்றில் டாப் படபடவென்று அடிக்க அடிக்க ஓட்டை பெரிதாகும், சீலர் உதிரும், மறுபடி தடவ வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குக் காற்றுக்கு இந்த வேலை முடியவே முடியாது.

ரெக்ஸினில் இந்தத் தொல்லையை அடியோடு தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பிவிசி சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டும். ஊசியே வேண்டாம். இதற்குக் கோயம்புத்தூரோ கொச்சியோ போக வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை எந்த ஊரில் இல்லை? கல்யாணத்துக்கும் கட்சிக்கும் பேனர் அடிக்கிற அந்த ஃப்ளெக்ஸும் பிவிசி பூசிய துணிதான். அதை ஒட்ட அவர்கள் வைத்திருக்கிற சூட்டுக்காற்றுத் துப்பாக்கி இதற்கும் போதும். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி வைத்து, இரண்டுக்கும் நடுவே மூக்கை நுழைத்துச் சூடு காட்டிக்கொண்டே, பின்னாலேயே ரப்பர் உருளையால் அழுத்திப் போக வேண்டும். முதலில் வெட்டிப்போட்ட துண்டில் பழகிக்கொள்ளுங்கள். ஒட்டிய துண்டு ஆறியபின் இரண்டு பக்கமும் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். ஒட்டு விட்டுக்கொண்டு வந்தால் சூடு போதவில்லை. ஒட்டு அப்படியே நிற்க, பூச்சு உரிந்து உள்ளே இருக்கிற துணி தெரிந்தால் சரியான சூடு. புகை கிளம்பினால் சூடு கூடிவிட்டது. அந்தப் புகை மூக்கை அரிக்கும், நெஞ்சுக்கு நல்லதல்ல, திறந்த வெளியில்தான் இந்த வேலை.

என் டாப்பில் மேல் விரிப்பும் பக்கங்களும் சேருகிற நீளமான இரண்டு இணைப்பும் இப்படிச் சூட்டில் ஒட்டியவை. ஊசி போட்டது ஓரப் பட்டியில் மட்டும். அங்கே தண்ணீர் நிற்காது, வழிந்துவிடும்.

கிழிசலிலும் இதே கதைதான். குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்தபோது யாரோ எதையோ ஏற்றி இறக்குகையில் கம்பி கீறி, உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்தது. உள்பக்கம் ஒரு துண்டை வைத்துச் சூட்டில் ஒட்டி முடித்தேன். பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் ரெக்ஸினில் நிற்காது, முயற்சி செய்ய வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பிவிசி சால்வென்ட் பிடிக்கும்தான். ஆனால் காய்ந்தபின் விறைத்துப்போய், மடிக்கிறபோது அந்த இடமே வெடிக்கும். கேன்வாஸில் அதே கிழிசல் என்றால் மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்த இடமெல்லாம் புதிய ஓட்டை. அதே நிறத் துணியில் ஒரு முழம் மட்டும் தருகிற கடையையும் தேட வேண்டும்.

குமுளியில் இருக்கிற என் மச்சான் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடையது சாஃப்ட் டாப் ஜிப்ஸி, நல்ல கேன்வாஸ் போட்டிருக்கிறார். “மாப்ளே, உன் வண்டி மேல ஆட்டோ சீட்டைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு” என்பார். இருந்துவிட்டுப் போகட்டும். அவருடைய டாப்பை மழைக்காலம் முடிந்ததும் நான்தான் உட்கார்ந்து தேய்த்துக் கொடுக்கிறேன். தையல் இடுக்கில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். மெல்லிய பிரஷும் குழாய்த் தண்ணீரும்தான். பிரஷர் வாஷ் அடித்தால் துணி நாரெழும். சோப்புப் போட்டால் துளியும் மிச்சமில்லாமல் அலச வேண்டும், சோப்பு தங்கிய இடம் தண்ணீரைத் தள்ளாமல் உறிஞ்சும். நன்றாகக் காய்ந்தபின் நீர் ஒட்டாத ஸ்ப்ரே. குமுளியில் ஆடி மாதத்தில் ‘நன்றாகக் காய்ந்தபின்’ என்று ஒரு நாளைக் காட்டுங்கள் பார்ப்போம். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை வரும். ரெக்ஸினும் ஈரத்தோடு மடிக்கக் கூடாதுதான், ஆனால் அதைப் பழைய துண்டால் துடைத்தால் வேலை முடிந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்குக் கேன்வாஸ் அனுபவம் என்பது இந்த ஜிப்ஸியும், என் வண்டியில் முன்பு இருந்த பழைய டாப்பும்தான். புதுத் துணியைப் போட்டு, கூரைக்கு அடியில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துப் பழகுகிறவருக்கு அது பல வருடம் தொல்லையில்லாமல் வரலாம்.

ரெக்ஸின் என்று கேட்டதும் கடைக்காரர் சீட் கவர் ரெக்ஸினை எடுத்துப் போடுவார். அது வேண்டாம். அடியில் பின்னல் துணி ஒட்டியிருக்கும், இழுத்தால் நீளும், டாப்பில் போட்டால் கொஞ்ச நாளில் தொங்கும். நெய்த துணி அடியில் இருக்கிற கனமான ரகம் வேண்டும், அதுவும் பாலியெஸ்டர் நெசவாக இருந்தால் நல்லது. பருத்தி என்றால் வெட்டிய ஓரத்தின் வழியாகத் திரி எண்ணெய் இழுப்பதுபோல் தண்ணீரை உள்ளே இழுத்து மக்க வைக்கும். எந்த ரகமானாலும் வெட்டிய ஓரத்தைத் திறந்து விடாமல் மடித்து ஒட்டிவிடுங்கள். முன் சட்டத்தில் அடிக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டேபிள் கேளுங்கள். ஜீப்புக்கு அடிக்கிற இரும்பு ஆணி ஒரே மழைக்காலத்தில் துருவை வழியவிட்டு ரெக்ஸினில் செம்மண் கோடு போடும்.

பின் ஜன்னலுக்குக் கண்ணாடியா, பிளாஸ்டிக் ஷீட்டா? ரெக்ஸின் டாப் என்றால் ஷீட்தான் வசதி, அதுவும் பிவிசி என்பதால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் மஞ்சளாகும், அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதிது ஒட்டலாம். மடிக்கும்போது நடுவில் ஒரு துண்டு வையுங்கள். தூசியோடு உலர் துணியால் துடைத்தால் கோடு விழும், தண்ணீர் விட்டுக் கழுவுவதே சரி.

டாப்பைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. டாப் ஓரத்துத் தண்ணீர் இறங்குகிற வடிகால் ஓட்டைகளும், ரப்பர் பீடிங்கும். எங்கள் பக்கம் சாலையோரம் புளியமரங்கள். அந்தப் பொடி இலை வடிகாலை அடைத்துவிட்டால் தண்ணீர் சீட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், சொட்டவில்லை என்றால் பழைய கிளட்ச் கேபிள் கம்பியால் குத்தி விடுங்கள். பீடிங்குக்கு சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும். க்ரீஸும் வாஸ்லினும் அந்த ரப்பரை ஊதிப்போகச் செய்யும்.

ஃபைபர் மூடி பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. சொந்தமாகப் போட்டு ஓட்டியதில்லை. காற்றுக்கும் மழைக்கும் அதுதான் உறுதி என்பது பார்த்தாலே தெரிகிறது. கழற்றினால் வீட்டில் எங்கே வைப்பது, ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா, வளைவில் முறுக்கிச் சத்தம் போடுமா என்பதெல்லாம் வைத்திருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கழற்றி மாட்டுகிற மூடி மாற்றமே அல்ல என்று வாதாடலாம். குமுளி செக்போஸ்ட்டில் மழையில் நின்றுகொண்டு வாதாட எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் குமுளியிலோ வண்டிப்பெரியாரிலோ இருந்து, வண்டிக்கு நல்ல காற்றோட்டமான ஷெட்டும் இருந்தால் கேன்வாஸை யோசிக்கலாம், தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டித் தருகிற ஆளை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பம், போடி, செங்கோட்டை மாதிரி மலைக்குக் கீழே இருந்துகொண்டு அடிக்கடி மேலே ஏறி இறங்குகிறவர்களுக்கு என் ஓட்டு ரெக்ஸினுக்கே. அதை மாட்டுவதை நல்ல வெயில் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் இளகியிருக்கும்போதுதான் சுருக்கமில்லாமல் இழுபடும். மாட்டிய கையோடு மடித்துக் காட்ட ஆசை வரும், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். ஒரு வாரமாவது முன் கொக்கியை மாட்டி இறுக்கமாகவே நிற்க விடுங்கள், துணி சட்டத்தின் வடிவத்துக்குப் படிந்தபிறகு மடிக்கலாம்.