மகஜரா, ஆர்.ரி.ஐ.யா, மனித உரிமைகள் ஆணைக்குழுவா?

எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இரண்டு தவணைகளாகக் கணித ஆசிரியர் இல்லை. சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளைகள். வட இலங்கையின் வன்னியில் எந்த ஊரிலும் செய்வதைத்தான் பெற்றோரும் செய்தார்கள், மகஜர் (பலர் கையெழுத்திட்ட கோரிக்கை மனு) எழுதினார்கள். கொப்பித் தாளில் வரிசையாகக் கையெழுத்து, கடைசியில் ஒரு அம்மம்மாவின் பெருவிரல் அடையாளம். வலயக் கல்வி அலுவலகத்தில் மரியாதையாகத்தான் வாங்கினார்கள். "உங்கட பள்ளிக்கூடத்தில கணிதத்துக்கு ஆளணி முழுசா இருக்கு அம்மா, எதுக்கும் பாப்பம்" என்று வாயால் ஒரு பதில் வந்தது. எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் அதே அலுவலகத்துக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (சுருக்கமாக ஆர்.ரி.ஐ.) கீழ் ஒரு கடிதம் எழுத நான் உதவினேன். மூன்றே கேள்விகள். அந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? அதில் எத்தனை இடம் நிரப்பப்பட்டுள்ளது? நிரப்பப்பட்டவர்களில் வேறு பாடசாலைக்குத் தற்காலிகமாக இணைக்கப்பட்டவர் உண்டா, உண்டென்றால் அந்த இணைப்புக் கடிதத்தின் பிரதி. பதில் ஒரே பக்கத்தில் வந்தது. ஆளணி ஒன்று, நிரப்பப்பட்டது ஒன்று. அந்த ஒருவரோ நகரப் பாடசாலை ஒன்றுக்குத் தற்காலிக இணைப்பில் போயிருந்தார். சம்பளப் பட்டியலில் பெயர் இங்கே, ஆள் அங்கே. மகஜருக்குச் சொன்ன பதில் பொய்யில்லை, கடதாசியில் ஆளணி முழுமையாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை இணைத்து இரண்டாவது மகஜர் போனது. அடுத்த தவணை தொடங்கும்போது இணைப்பு ரத்தாகி ஆசிரியர் வந்து சேர்ந்தார்.

இதைப் பார்த்து ஆர்.ரி.ஐ. தான் பெரிது, மகஜர் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்.ரி.ஐ. எந்த ஆசிரியரையும் கொண்டுவந்து தராது. அலுவலகத்தில் இருக்கும் கடதாசியைத்தான் தரும். "ஏன் எங்களுக்கு ஆசிரியர் தரவில்லை?" என்று கேட்டால், அதற்குப் பதிலாக எந்தக் கோவையிலும் ஒரு தாள் இருக்காது. இணைப்புக் கடிதம், ஆளணிப் பட்டியல், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கறிக்கை, கூட்ட அறிக்கை என்று தாளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். செயலைக் கேட்பதற்கு மகஜர்தான். ஆனால் மகஜருக்குப் பதில் தரும் நாளை நீங்கள் நெருக்கிக் கேட்பதற்குச் சட்டத்தில் பிடி இல்லை. ஆர்.ரி.ஐ.க்கு உண்டு.

அந்த நாள் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதன்பின் 14 நாட்களுக்குள் தர வேண்டும். பெரிய கோவை என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு 3 வாரம். அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவமும் கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் எழுதிய கடிதம் போதும். எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை.

எங்கள் ஊரில் என்னிடம் அதிகம் கேட்பது கட்டணத்தைப் பற்றி அல்ல. "தம்பி, பிறகு பிள்ளைக்கு ஏதும் செய்வினமோ?" என்றுதான் கேட்கிறார்கள். இந்தப் பயத்தை யாரும் சின்னதாக எண்ணக் கூடாது. ஒரே ஒரு பாடசாலைதான் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, அங்கேதான் பிள்ளை நாளைக்கும் போக வேண்டும். மகஜரில் பெற்றோரின் பெயர் வரிசையாக இருக்கும். ஆர்.ரி.ஐ.யில் கேட்பவர் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை. அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைக் குடிமக்களாக இருந்தால் ஒரு சங்கமே கேட்கலாம். அதனால் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் அனுப்பச் சொல்வேன். எங்கள் கடிதமும் அப்படித்தான் போனது.

ஆர்.ரி.ஐ. தோற்கும் இடமும் ஒன்று வன்னியில் உண்டு. 2008, 2009 இடப்பெயர்வில் எத்தனையோ பாடசாலைகளின் சேர்விடாப்பும் (மாணவர் சேர்க்கைப் பதிவேடு) சம்பவத் திரட்டும் (பாடசாலை நிகழ்வுப் பதிவேடு) போய்விட்டன. விடுகைப் பத்திரம் கேட்டு வரும் பழைய மாணவருக்குக் கொடுக்கப் பதிவே இல்லை. இல்லாத பதிவை எந்தச் சட்டமும் உண்டாக்காது. அப்போதும் "இப்பதிவு எம்மிடம் இல்லை" என்று எழுத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். வேறு அலுவலகத்தில் மாற்று ஆவணத்துக்குப் போகும்போது அந்த வரி உதவும். சட்டம் வந்தபின் உண்டான பதிவுகள் வேறு. அவற்றைக் குறைந்தது 12 ஆண்டு பேணியே ஆக வேண்டும். "பழைய கணக்கு, தூக்கி எறிஞ்சாச்சு" என்ற பதில் அங்கே செல்லாது.

மூன்றாவது வழி மனித உரிமைகள் ஆணைக்குழு. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசரத் தொலைபேசி 1996. பிள்ளையை அடித்தார்கள், முதலாம் தரத்துக்குச் சேர்க்க மறுத்தார்கள் என்றால் நான் ஆர்.ரி.ஐ.யை முதலில் சொல்லவே மாட்டேன். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். 14 வேலை நாள் என்பதே ஏறக்குறைய மூன்று வாரம், அதன்மேல் இன்னும் 14 நாள். தகவல் கைக்கு வரும்போது அந்த மாதம் போயிருக்கும். அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது, விசாரணை நடப்பதற்கான கடிதம் கையில் இருக்க வேண்டும். ஆணைக்குழுவின் பரிந்துரை நீதிமன்றக் கட்டளை அல்ல. ஆனாலும் அங்கிருந்து கடிதம் வந்தால் அலுவலகம் பதில் எழுதும்.

படலையைப் பூட்டி வீதியில் இருப்பதையும் சொல்ல வேண்டும். சில நேரம் ஒரே நாளில் அதிகாரி வந்து நிற்பார். படிப்பை இழப்பது பிள்ளைகள்தான், கிடைப்பதும் பெரும்பாலும் இன்னொரு வாய்வார்த்தை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

முதலாம் தரச் சேர்ப்பில் நான் இப்போது சொல்வது இதுதான். பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லை என்று தெரிந்த அன்றே நாட்காட்டியில் திகதியைக் குறியுங்கள். மேன்முறையீட்டுச் சபைக்கு ஒரு கடிதம், அதே வாரம் வவுனியாவுக்கு முறைப்பாடு, பக்கத்தில் பிள்ளையின் நேர்முகப் புள்ளிப் பத்திரம் கேட்டு ஆர்.ரி.ஐ. மூன்றையும் பதிவுத் தபாலில் போட்டு, மூன்று பற்றுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழோடு ஒரே பையில் வையுங்கள்.