குளியலறைக்கு எந்தச் செடி: மணி பிளான்டா, ஸ்பைடரா, பீலிக்கரைப் பன்னமா?

ஒரே மணி பிளான்ட் கொடியிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள். ஒன்று கண்டியில் என் வீட்டுக் குளியலறை யன்னல் கம்பியைச் சுற்றி ஏறி, முகக்கண்ணாடிக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. மற்றது நுவரெலியாவில் அக்கா வீட்டுக் குளியலறையில், ஜனவரிக் குளிரில் இலை மஞ்சளாகி, தண்டு கறுத்து, மூன்றே வாரத்தில் அழுகிப்போனது. அக்கா என்னைவிடக் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டார். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். அந்த உயரம்தான் அந்தக் கொடியைக் கொன்றது.

அதனால்தான் எங்கிருந்தோ வரும் ‘குளியலறைக்கு ஏற்ற செடிகள்’ பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்புவதில்லை. வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும் நாடுகளில் குளியலறையின் நீராவி செடிக்கு ஒரு வரம். இலங்கை மலையகத்தில் இருக்கும் நமக்கோ ஈரத்துக்குக் குறைவே இல்லை. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாமல் அடுப்புக்கு மேலே தொங்கும் ஊர்கள் இவை. வெந்நீரின் ஆவி பத்து நிமிடம் நிற்கும். பிறகு குளிர்ந்த டைல்ஸ் மீது வியர்த்து வழிந்துவிடும். மலையகத்துக் குளியலறையில் செடிக்குக் கிடைக்காமல் போவது சூடும் வெளிச்சமும்தான். இந்த இரண்டும் குறைந்த இடத்தில் எது தாக்குப்பிடிக்கும் என்றே ஒவ்வொரு செடியையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

மணி பிளான்டின் பூர்வீகம் பசிபிக் கடலில் உள்ள மோரேயா தீவு. வெப்பத்தில் பிறந்த கொடி. வெளிச்சம் குறைந்தாலும் பொறுக்கும், மண் இல்லாமல் போத்தல் நீரிலும் வேர்விடும், வெட்டி நட்டால் பிழைக்கும். கண்டி, மாத்தளை, பதுளை போன்ற தாழ்ந்த ஊர்களுக்கு இதைவிட இலகுவான கன்று இல்லை. ஹற்றன், கொட்டகலை வரைக்கும் வளரும், ஆனால் மெதுவாக. அதற்கு மேலே ஏறினால் குளிர் மாதங்களில் சோர்ந்துவிடும். பீஸ் லில்லியும் இதே சாதிதான். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. தாகம் எடுத்தால் இலைகளைத் தொங்கவிட்டுக் கேட்கும், நீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்; புதிதாகச் செடி வளர்ப்பவருக்கு இப்படிப் பேசும் செடி நல்ல ஆசிரியர். ஆனால் வெள்ளைப் பூ வேண்டுமென்றால் வெளிச்சமும் சூடும் கூடுதலாக வேண்டும். தாழ்ந்த ஊர்களில் இந்த இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், இருண்ட அறைக்கு மணி பிளான்ட், யன்னல் பெரிதாக இருந்தால் பீஸ் லில்லி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையுமே எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இலையைக் கடித்தால் அதிலுள்ள கல்சியம் ஒக்சலேற் ஊசிகள் வாயை எரிக்கும்.

போத்தலில் வளர்ப்பவர்கள் நீரை வாரம் இரண்டு முறையாவது கொட்டிவிட்டு, போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தெளிந்து தேங்கிய நீரில்தான். பூச்சாடியின் அடித்தட்டும் அப்படித்தான். நுளம்பு பெருகுவதைத் தடுக்கவே 2007இல் 11ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் பூச்சாடித் தட்டையும் பார்ப்பார். அவர் வருவாரோ மாட்டாரோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாதே.

ஸ்னேக் பிளான்ட், பூக்கன்று விற்பவர்கள் எல்லோரும் முதலில் கையில் எடுத்துக் கொடுக்கும் கன்று. ‘சாகவே சாகாது’ என்பார்கள். தமிழில் மருள் என்று சொல்லப்படும் நார்ச்செடிக்கு நெருங்கிய உறவு; அந்த இனத்தில் ஒன்று இலங்கையின் வறண்ட பகுதிகளில் தானாகவே முளைக்கிறது, சிங்களத்தில் நியந்த என்பார்கள். இருட்டைப் பொறுக்கும், தாகத்தைப் பொறுக்கும். பொறுக்காத ஒன்று, குளிரும் ஈரமும் சேர்ந்து வருவது. மேற்குச் சரிவில் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, குளியலறைச் சட்டியின் மண் ஒரு மாதமானாலும் காயாது. அடியில் மெல்ல அழுகும். இலை சாயும்வரை வெளியே தெரியாது. ஆகவே வட்டவளை, ஹற்றன் பக்கத்துக் குளியலறைக்கு நான் இதைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். அதே மாதங்களில் வறண்ட காற்று வீசும் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் பிரச்சினை குறைவு. மண்சட்டியில், மணல் கூடிய கலவையில் நட்டு, குளியல் நீர் தெறிக்காத விளிம்பில் வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீர் ஊற்றினால் போதும். ஸீஸீ பிளான்டுக்கும் இதே கணக்கு. நீரைக் கிழங்கில் சேர்த்துவைக்கும் செடி அது. குளிரில் புதிய தளிர் விடுவதற்குள் நம் பொறுமை தீர்ந்துவிடும்.

உயர்ந்த ஊர்களில் உண்மையான போட்டி ஸ்பைடர் பிளான்டுக்கும், ஆங்கிலத்தில் ஃபேர்ன் எனப்படும் பன்னத்துக்கும் இடையில்தான்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பன்னத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கள் சிறுவயதில் குளியலறை என்று தனியாக ஒன்று இல்லை, பீலிதான். மலையிலிருந்து வரும் நீர் குழாய் வழியே கொட்டும், தோளில் விழும்போது மூச்சு நிற்கும். பீலியைச் சுற்றிய கற்சுவரில் நூல் போன்ற கறுப்புக் காம்புடன் மெல்லிலைப் பன்னம் தொங்கும். வடிகான் ஓரத்தில் ஏணிப்படி போல இலை அடுக்கிய பன்னம் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். யாரும் நடவில்லை, யாரும் உரம் போடவில்லை. குளிர், ஈரம், நிழல் மூன்றும் கூடிய இடத்தில் எது வாழும் என்பதை அந்தச் சுவர் நமக்கு எப்போதோ காட்டிவிட்டது. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலை தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் ரோஜாவோடு திரும்பிவிடாமல், அங்குள்ள பன்னத் தோட்டத்தையும் நின்று பார்க்க வேண்டும். 1861இல் சிங்கோனா என்ற மருந்து மரத்தைப் பயிரிடத் தொடங்கிய அந்த இடத்தில், அந்தக் குளிரில், பன்னம் எப்படித் தழைக்கிறது என்பதே போதுமான சான்று.

ஆனால் பீலிக்கு மேலே வானம் இருந்தது. குளியலறையில் சிறு யன்னல்தான் இருக்கிறது. பகலில் மின்விளக்கைப் போடாமல் பத்திரிகை வாசிக்க முடியாத அறையில் பன்னம் நாளுக்கு நாள் வெளிறி மெலியும். மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் மெல்லிலைப் பன்னம் முழுவதும் சருகாகிவிடும். ஏணிப்படிப் பன்னமும், அதன் உறவாகிய போஸ்டன் பன்னமும் அதைவிடத் திடமானவை. எனினும் சிற்றிலைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும், அவை நீர் போகும் துளையை அடைக்கும். வாரம் ஒருமுறை பெருக்கத் தயாரானவர்களே இதை வாங்கலாம். மரங்களில் கூடுபோல அமரும் பறவைக்கூட்டுப் பன்னம் பார்க்க மிக அழகு. விலைகொடுத்து வாங்குங்கள், காட்டு மரத்திலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள்.

ஸ்பைடர் பிளான்ட் தென்னாபிரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. அதன் தடித்த வேர்கள் நீரைச் சேமிப்பதால், நாம் கொழும்புக்குப் போய் பத்து நாள் தங்கினாலும் தாங்கும். உறைபனி நேரடியாகப் படாதவரை நுவரெலியாக் குளிரும் அதற்குப் பெரிதல்ல. இலை உதிர்க்காது, குழந்தைக்கோ பூனைக்கோ நஞ்சில்லை, குட்டிச் செடிகளைத் தானாகவே நூல் போன்ற தண்டில் தொங்கவிடும். குழாய் நீருக்கு நுனி பழுப்பானால் மழைநீர் ஊற்றலாம். அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. என் மனம் பன்னத்தின் பக்கம்தான். ஆனாலும் காலையில் வேலைக்கு ஓடி இருட்டிய பின் திரும்பும் ஒருவர் கேட்டால், ஸ்பைடரை வாங்குங்கள் என்றே சொல்வேன். அக்காவுக்கும் அதையே கொடுத்தேன்.

செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சை நம்பி யாரும் வாங்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நாசாவின் 1989 ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. சாதாரண அறையில் அதே பயன் கிடைக்கச் சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை தேவை என்று 2019இல் வெளியான மீளாய்வு காட்டியது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதற்காக வைத்தால் அதுவே போதுமான காரணம்.

வைக்கும் விதத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. ஐந்து சிறு சாடிகளை வரிசையாக அடுக்குவதைவிட, ஒரே ஒரு பெரிய செடி அந்தச் சிறிய அறையை அழகாக்கும். வெள்ளை டைல்ஸ் என்றால் கரும்பச்சைப் பன்னம். சாம்பல் நிறச் சீமெந்துச் சுவர் என்றால் வெள்ளைக் கோடுபோட்ட ஸ்பைடர். தரையில் இடமில்லாததால் யன்னலோரம் கொக்கியில் தொங்கவிடுவதே நல்லது. கிழக்கு யன்னலானால் இன்னும் நல்லது. மலையகத்தில் மழைமூட்டம் பெரும்பாலும் பிற்பகலில்தான் கவியும், காலை வெயில் கிடைத்துவிடும். பன்னத்துக்கு ஈரம் காக்கும் பிளாஸ்டிக் சாடியும் தும்புத்தூள் கலந்த மண்ணும் பொருந்தும். பழைய பால்மா டின்னில் நட்டால் துரு வட்டம் டைல்ஸில் நிரந்தரமாகத் தங்கிவிடும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையைச் செடி அலங்காரமாகத் தொங்கவிடும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. அம்மாவின் நெற்றியில் அந்தக் கூடைக் கயிறு பதித்த தழும்பைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் வீட்டில் அது அலங்காரம் ஆகாது.

யன்னல் மிகச் சிறிதாக இருந்தும் பன்னம்தான் வேண்டும் என்பவர்கள் ஒரே அளவில் இரண்டு சாடி வாங்குங்கள். ஒன்று குளியலறையில், மற்றது வெளி விறாந்தையில். ஒவ்வொரு இரண்டாம் ஞாயிறும் இடம் மாற்றுங்கள். உள்ளே வெளிறியது வெளியே பதினான்கு நாளில் தேறிவிடும். மாற்றும்போதே வாடிய ஓலையைக் கிள்ளி, அடித்தட்டு நீரையும் கொட்டிவிடலாம்.