திருகோணமலையில் முதல் ட்ரம் செற்: மரமா, வெண்கலமா, இரும்பா?

முதன்முறையாக ட்ரம் செற் வாங்க எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, ட்ரம்களின் உடல் எந்த மரத்தால் ஆனது என்பதைத்தான். திருகோணமலையில் கடற்கரைக்கு அண்மையில் குடியிருக்கும் ஒருவர் அந்தக் கேள்வியை மூன்றாவதாகக் கேட்டாற் போதும் என்பது என் உறுதியான கருத்து. சிம்பல்களையும் ட்ரம்களையும் நிறுத்தும் இரும்புத் தாங்கிகளும், பேஸ் ட்ரம்மைக் காலால் அடிக்கும் பெடலும் எப்படிப்பட்டவை என்பது முதற் கேள்வியாகவும், தட்டி ஒலிக்கும் உலோகத் தட்டுகளான சிம்பல்கள் எந்த உலோகம் என்பது இரண்டாவதாகவும் இருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. பேர்ல் நிறுவனத்தின் ரோட்ஷோ, தாமாவின் இம்பீரியல்ஸ்டார் போன்ற ஆரம்பநிலைச் செற்கள் பொப்லர் மரத்தாலானவை. யமஹாவின் ஸ்டேஜ் கஸ்டம் பேர்ச் மரத்தாலானது, அதற்கேற்ப விலையும் கூடியது. பேர்ச்சின் ஒலியில் ஒரு தெளிவும் இறுக்கமும் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் பொப்லர் உடலில் நல்ல தோலைப் பூட்டி, ஆணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கிச் சீராகச் சுருதி சேர்த்தால், பழகுகிற ஒருவருக்கு அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது. தவிலை மழைக்காலத்தில் வாசிப்பவர்கள் படும் பாடும் இங்கில்லை: 1950களின் பிற்பகுதியிலிருந்து ட்ரம்களில் விலங்குத் தோலின் இடத்தைப் பொலியஸ்டர் படலம் பிடித்துக்கொண்டதால், மார்கழி ஈரத்தில் அது தொய்வதில்லை. அளவைப் பொறுத்தவரை, வீட்டறையில் வைப்பதற்கு 22 அங்குல பேஸ் ட்ரம்மைவிட (தரையில் கிடத்தி வைக்கும் பெரிய ட்ரம்) 20 அங்குலமும், அதனுடன் டொம்கள் எனப்படும் 10, 12, 14 அங்குலச் சிறிய ட்ரம்களும் அடக்கமாக அமையும்.

சிம்பல் அப்படியல்ல. தோலை மாற்றலாம், சுருதியைத் திருத்தலாம். சிம்பலின் ஒலியோ ஆலையை விட்டு வரும்போதே முடிவாகிவிடுகிறது. மலிவான செற்களுடன் சேர்த்துத் தரப்படுபவை பெரும்பாலும் பித்தளைத் தகடுகள். பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிய பின் வெண்கல மணியை அடித்துப் பார்த்த எவருக்கும் இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை: முன்னது சட்டென்று ஓய்ந்துவிடும், பின்னது நின்று ஒலிக்கும். வெண்கலத்திலும் இரு நிலைகள் உள்ளன. செம்பு 92 வீதமும் வெள்ளீயம் 8 வீதமும் கொண்ட பி8 கலவையை உருட்டித் தகடாக்கி வெட்டுகிறார்கள். அதன் ஒலி கூர்மையானது, விலை நடுத்தரமானது. வெள்ளீயம் 20 வீதம் சேர்ந்த பி20 கலவைதான் 1623இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் தொடங்கிய சில்ட்ஜியன் என்ற சிம்பல் நிறுவனத்தின் மரபுக்கு அடித்தளம்; அதன் ஒலியில் பல அடுக்குகள் உண்டு, விலையும் அதற்கேற்றது. மைனல் நிறுவனத்தின் எச்சிஎஸ் வரிசையைப் போன்ற பித்தளைச் சிம்பல்கள் நான்கை வாங்குவதைவிட, 14 அங்குல ஹை-ஹற் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) ஒரு சோடியும், தாளத்தைத் தொடர்ந்து தட்டும் 20 அங்குல ரைட் ஒன்றும் பி8 வெண்கலத்தில் வாங்குவதையே நான் தேர்வேன். அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பல் ஆறு மாதம் பொறுத்து வரட்டும். வெண்கலம் உப்புக் காற்றில் மங்கும், சிலவேளை பச்சை பூக்கும். ஆனால் இரும்பைப் போல் கறள் பிடித்து அழிவதில்லை.

இரும்புச் சாமான்களில்தான் இந்த ஊர் தன் வேலையைக் காட்டுகிறது. என் முதற் செற்றைப் புதிதாக, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கியதாக வாங்கினேன். வாடைக்காற்றும் மழையுமாக ஒரு பருவம் கழிந்ததும், தாங்கிகளின் குரோம் பூச்சில் ஊசிமுனைப் புள்ளிகளாய்த் தொடங்கிய கறள் மறைகளுக்குள் இறங்கியது. இறுக்கும் திருகு ஒன்று அசைய மறுத்தது. நத்தார்க் கரோல் ஒத்திகையின் நடுவே கிராஷ் தாங்கி சரிந்து விழுந்தது. குரோம் பூச்சு மெல்லியதாயின் அதன் நுண்துளைகள் வழியே உப்பீரம் உள்ளே புகுந்து அடியிலுள்ள உருக்கை அரிப்பதே இதற்குக் காரணம். ஆகவே ஒவ்வொரு காலும் ஒரே உலோகப் பட்டையாலான ஒற்றைப் பட்டைக் கால் தாங்கிக்கும், இரண்டு பட்டைகளாலான இரட்டைப் பட்டைக் கால் தாங்கிக்கும் இடையில் தேர்வு வந்தால், சுமப்பது சிரமம் என்றாலும் இரட்டையையே எடுக்க வேண்டும். குழாய்கள் ஒன்றினுள் ஒன்று நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வதைத் தடுக்கும். பெடலில், சங்கிலிக்குப் பதிலாக நைலோன் பட்டி உள்ளதற்குக் கறள் பயமில்லை. சங்கிலி நீண்டகாலம் உழைக்கும், ஆனால் தையல் மெசின் எண்ணெய் அடிக்கடி கேட்கும். நான் சங்கிலியைத்தான் விரும்புகிறேன், ஏனெனில் எண்ணெய் விடுவது என் கையில் இருக்கிறது. கரைக்கு வந்ததும் வெளியிணைப்பு இயந்திரத்தை நன்னீரால் அலசுகிற நம் மீனவர்களின் பழக்கம் இங்கும் பொருந்தும்: வாசித்து முடிந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உடனே உலர்துணியாலும் துடைக்க வேண்டும். இரட்டைப் பட்டைகளின் இடுக்குகளை மறக்கக் கூடாது.

இவற்றின்படி, ஒரே பெட்டியில் வரும் புதிய செற்றுக்கும், பாவித்த ட்ரம்களோடு தனித்தனியாக வாங்கிய சிம்பல்களும் தாங்கிகளும் சேர்ந்த செற்றுக்கும் இடையில் நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கினால், ட்ரம்களுக்கு நான்கும் மற்ற இரண்டுக்கும் மும்மூன்றும் ஒதுக்கலாம். பாவித்த ட்ரம்மின் தோலைக் கழற்றி, உடலின் விளிம்பை ஒரு தட்டையான கண்ணாடி மீது கவிழ்த்து, உள்ளே விளக்கை வைத்தால், விளிம்பு வளைந்த இடத்தில் வெளிச்சம் கசியும். அப்படிக் கசியும் ட்ரம் ஒருபோதும் சீராகச் சுருதி சேராது. பாவித்த சிம்பலாயின் விளிம்பு முழுவதையும் பெருவிரலால் தடவி வெடிப்பைத் தேட வேண்டும்; நடுத்துளை வட்டமாக இல்லாமல் ஒருபக்கம் நீண்டிருந்தால், அது பிளாஸ்டிக் உறையின்றித் தாங்கியில் உராய்ந்து தேய்ந்த சிம்பல் என்று அறிந்துகொள்ளலாம். அந்த உறையின் விலை மிகச் சிறியது. தாங்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.