தும்மல் உள்ளவர்களுக்கு எது தோது: புல்தரையா, தொட்டிகளா, பொடுதலையா?

மகரந்த அலர்ஜி என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் முதலில் வெட்டுப்படுவது செம்பருத்தியும் ரோஜாவும்தான். பாவம், அவற்றின் மேல் பெரும்பாலும் தப்பே இல்லை. பளிச்சென்று பூக்கிற செடிகளுக்குப் பூச்சியும் பறவையும் வர வேண்டும்; அதனால் மகரந்தம் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும். செம்பருத்தியின் ஒரு துகள் 100 மைக்ரானைத் தாண்டும். அருகம்புல்லின் துகளோ சுமார் 30 மைக்ரான், காற்றோடு போய்விடும். தும்மலுக்குப் புல் மகரந்தம் காரணம் என்பதை மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் உடம்பிலேயே சோதித்து, 1873-லேயே எழுதி வைத்துவிட்டார்.

கோவையில் எங்கள் வீட்டு முன்னால் 20-க்கு 15 அடி மண் இருக்கிறது. மூன்று விதமாகவும் அதில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் அருகம்புல் தரை. கண்ணுக்குக் குளிர்ச்சி, குழந்தைகள் உருள இடம். ஆனால் பத்து நாள் வெட்டாமல் விட்டால் விரல்களை விரித்த மாதிரி நாலைந்து கதிர் எழும்பிவிடும். குனிந்து பாருங்கள், கதிர் நெடுக ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகத் தொங்கும். யாரும் அதைப் பூ என்று நினைப்பதில்லை, ஆனால் பூ அதுதான். கதிர் வருமுன் வெட்டிக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். அதையும் அலர்ஜி இல்லாத ஒருவர்தான் வெட்ட வேண்டும்.

அடுத்து, தளம் போட்டுத் தொட்டிகள். தும்மல் நன்றாகவே குறைந்தது. இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாம் தாராளமாக வைக்கலாம். சாமந்தியில் மட்டும் கவனம்: பார்த்தீனியமும் அதே குடும்பம், பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாமந்தியும் படுத்தலாம். தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அதுவும் மூக்குக்கு ஆகாது. அப்புறம் வெயில். சித்திரையில் அந்தத் தளத்தில் சாயங்காலம்கூட உட்கார முடியவில்லை. தோட்டம் வைத்ததே உட்காரத்தானே!

கடைசியாகத் தளத்தைப் பெயர்த்துவிட்டுப் பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே மூலிகைதான். கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு படரும், தண்ணீரும் குறைவாகவே கேட்கும். மிளகு அளவு கொண்டையைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். மகரந்தத்தைச் சுமக்கிற வேலை தேனீக்களுடையது, காற்றுக்கு விடுவதில்லை. பந்து விளையாட்டைத் தினமும் தாங்காது, நடமாட்டத்தைத் தாங்கும்.

என் ஓட்டு பொடுதலைக்கு, ஓரங்களில் தொட்டிகளோடு. வாடகை வீடு, மொட்டை மாடி என்றால் தொட்டிகளே போதும். ஓடியாடுகிற பிள்ளைகள் இருந்து, வாரம் தவறாமல் வெட்ட ஆளும் இருந்தால் மட்டும் புல். எதில் இறங்குமுன்பும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

இப்போது தினமும் சாயங்காலம் அங்கேதான் டீ. பூ நிறைந்திருக்கும் நாட்களில் தேனீ இருக்கும் என்பதால் செருப்புப் போட்டு நடக்கிறோம்.